சதுர அடிக்கு எவ்வளவு? – தாமிரபரணிக் கரையில் ஒரு தரையின் விலை

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் இன்றைக்கு ஒருவர், "டைல்ஸ் வேண்டாம், அந்தக் காலத்து வீட்டு மாதிரி சிவப்பா வழவழன்னு சிமெண்ட் தரை போடணும், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டால் கொத்தனார் உடனே தொகை சொல்ல மாட்டார். எத்தனை சதுர அடி, கீழே என்ன தளம் இருக்கு, கரை வைக்கணுமா, எப்போ பால் காய்ச்சுறீங்க என்று நாலு கேள்வி திருப்பிக் கேட்பார். கடைசியில் அவர் சொல்லும் தொகை பல சமயம் சாதாரண டைல்ஸ் பதிக்கிற செலவைவிடக் கூடுதலாக இருக்கும். "வெறும் சிமெண்ட் தரைதானே, இவ்வளவா?" என்று கேட்டவர் முழிப்பார்.

வெறும் சிமெண்ட் தரைதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால், மொசைக் போட வசதியில்லாதவர்கள் போட்டுக்கொண்ட தரை. பொருள் அதேதான்: சிமெண்ட், மணல், தண்ணீர், கொஞ்சம் காவிப்பொடி. பின்னே எப்படி ஏழை வீட்டுத் தரை பணக்கார வீட்டுத் தரையாக மாறியது? இதற்குப் பதில் தேடிப்போனால் தரையைப் பற்றி மட்டும் பேசி முடிக்க முடியவில்லை. ஒரு தரையின் விலையில் பில்லில் வருகிற பகுதி ஒன்று, பில்லில் வராமல் வேறு யாரோ கொடுக்கிற பகுதி இன்னொன்று. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த இரண்டையும் தேடி ரொம்ப தூரம் அலைய வேண்டாம். சுண்ணாம்புக்கல், ஆலை, ஆறு, கல்குவாரி எல்லாமே திருநெல்வேலியைச் சுற்றித்தான் இருக்கின்றன.

காசில்லாத தரை

முதலில் மண் தரை. மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணம் மெழுகுவது. கரித்தூள் சேர்த்து மெழுகினால் கறுத்த மினுமினுப்பு வரும். பொருள் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. மண் கொல்லையில் கிடக்கிறது, சாணம் தொழுவத்தில்.

ஆனால் மெழுகிய தரை ஒரு வாரம்தான் தாங்கும். நடந்து நடந்து பெயரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும், எலி வளை தோண்டும். அதனால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் தனியாக, வீட்டுப் பெண் ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து மெழுக வேண்டும். வருடத்துக்கு ஐம்பது தடவை என்றால் முப்பது வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை. இந்த உழைப்புக்கு யாரும் கூலி போட்டதில்லை. நாங்கள் மென்பொருள் வேலையில் ஒரு அமைப்பின் செலவை இரண்டாகப் பிரிப்போம்: உருவாக்கும் செலவு, ஓட்டும் செலவு. மண் தரையை உருவாக்கச் செலவு கிடையாது. ஓட்டுகிற செலவு முழுவதும் பெண்களின் இடுப்பிலும் முழங்காலிலும் ஏறியது. 'அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கையாக, செலவில்லாமல் இருந்தது' என்று சொல்பவர்கள் தரை மெழுகியவர்களாக இருப்பது அபூர்வம்.

இந்த மண் தரைக்கு மேல்தான் பாய் விரித்தார்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பத்தமடைப் பாய் நெல்லைக்காரர்களின் பெருமை. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெலிதாகக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பத்தமடையின் இஸ்லாமியப் பெண்கள். அதில் உயர்ந்த ரகமான பட்டுப்பாயைத் துணி போல மடிக்கலாம், ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். கோரை விலை சொற்பம். பட்டுப்பாய்க்குக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி ஒரு பெண் தறி முன்னால் உட்கார்ந்த நாட்களுக்கான காசு. சிமெண்ட் தரைக்கும் இதே கணக்குதான் பின்னால் வரப்போகிறது.

சுண்ணாம்பு

கொஞ்சம் வசதியான வீடுகளில் சுண்ணாம்புத் தரை இருந்தது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே அரைத்த சுண்ணாம்பைப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகக் கல்லாக மாறுகிற பொருள். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது.

இந்தச் சுண்ணாம்புக்கும் பில்லில் வராத விலை ஒன்று இருந்தது. தூத்துக்குடிக் கரையோரம் சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையும் பெயர்த்து எடுத்தார்கள். வீட்டுச் சுண்ணாம்புக்கு மட்டுமல்ல, பின்னால் ஆலைகளுக்கும் சேர்த்துத்தான். அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு இன்று கடலுக்கு அடியில் கிடக்கின்றன. சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருந்தது.

தாழையூத்து

நாம் இன்று சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சூளையில் சுட்டுப் பொடியாக்குவது அடிப்படை. இன்றைய சூளைகளில் வெப்பம் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. இந்தியாவில் முதல் முயற்சி நடந்தது சென்னையில், 1904இல். கடல் சிப்பியை வைத்துச் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில்தான் தொழில் ஊன்றியது. அதுவரைக்கும், அதற்குப் பின்னும் ரொம்ப காலம், கப்பலில் வந்த 'சீமைச் சுண்ணாம்பு' தெற்கத்தி வீடுகளுக்கு எட்டாத சரக்கு.

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை சாலையில் இருக்கிறது தாழையூத்து. நல்ல சுண்ணாம்புக்கல் படிந்த பூமி. எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1949இல் தாழையூத்து ஆலை ஓட ஆரம்பித்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குச் சங்கர் நகர் என்று பெயர். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போனது.

ஆலை பக்கத்தில் வந்துவிட்டது, இனி சிமெண்ட் மலிவாகக் கிடைத்திருக்குமே என்றுதான் நமக்குத் தோன்றும். கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் சிமெண்டுக்கு வந்த அரசுக் கட்டுப்பாடு, இடையில் கொஞ்ச காலம் தளர்ந்தாலும், ரொம்ப வருடங்கள் நீடித்தது. விலையையும் அரசு நிர்ணயிக்கும், யாருக்கு எத்தனை மூட்டை என்பதையும் அரசு நிர்ணயிக்கும். வீடு கட்டுகிறவர் மனுப் போட்டு பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் இல்லாதவர்களுக்குக் கள்ளச் சந்தை. இது எவ்வளவு பெரிய விவகாரம் என்றால், சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கும் தன் அறக்கட்டளைக்கு வந்த நன்கொடைக்கும் தொடர்பு உண்டு என்ற வழக்கில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. அதற்கு அடுத்த மாதமே மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. 1989 மார்ச்சில் முழுதும் எடுத்துவிட்டது.

இந்தச் சரித்திரம் நெல்லையின் பழைய வீடுகளின் தரையில் அப்படியே பதிந்திருக்கிறது. நெல்லைக் கதைகள் வாசிக்கிறவர்களுக்குத் தார்சா, பட்டாசல், அடுப்பங்கரை, மச்சு எல்லாம் பழகிய சொற்கள். அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ மிச்சமிருக்கிற ஒரு பழைய வீட்டுக்குப் போனால் வாசலிலிருந்து கொல்லை வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். தார்சாவும் பட்டாசலும் சிவப்பு, ஓரத்தில் கறுப்புக் கரை. அதைத் தாண்டினால் பல வீடுகளில் நிறமில்லாத சாம்பல் சிமெண்ட். அடுப்பங்கரையில் அதுவும் இல்லாமல் சொரசொர தளம், அல்லது கடைசி வரை மண். கிடைத்த மூட்டைகளை எங்கே செலவழிப்பது என்று வீட்டுக்காரர் முடிவு செய்தபோது, விருந்தாளியும் ஆண்களும் உட்காருகிற இடத்துக்குப் பளபளப்பு போனது. நாள் முழுக்க ஒருத்தி நின்று வேலை செய்கிற இடத்துக்கு மிச்சம் போனது. தரை இழைத்த கையாட்களில் பலர், வேலை முடிந்த மறுநாள் அதே தார்சாவில் ஏறி உட்கார முடியாத தெருக்களும் இங்கே இருந்தன.

அரை மணி நேரம்

சரி, இந்தச் சிவப்புத் தரையை எப்படிப் போடுகிறார்கள்? முதலில் கீழ்த்தளம். அதற்கு மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவை. அது இறுகுவதற்கு முன்னால் சிமெண்டையும் சலித்த காவிப்பொடியையும் சேர்த்த கெட்டிப் பால். பிறகு மட்டப்பலகையாலும் இரும்புக் கரண்டியாலும் திரும்பத் திரும்ப இழைப்பது. காவிப்பொடி என்பது இரும்பு ஆக்சைடு. துருவுக்கும், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலுக்கும் சிவப்பு கொடுப்பது இதே வகைப் பொருள்தான். வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் மங்காது. அதனால்தான் எழுபது வருடத்துச் சிவப்பு இன்றும் சிவப்பாகவே இருக்கிறது.

நூறு சதுர அடிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை என்றால் ஏறக்குறைய இரண்டு மூட்டை சிமெண்ட், ஆறு ஏழு கன அடி மணல். மேல் பாலுக்கு இன்னும் அரை மூட்டை, கொஞ்சம் காவிப்பொடி. பொருள் கணக்கு அவ்வளவுதான், இதில் எதுவும் இன்று கையைக் கடிக்கிற தொகை இல்லை.

மிச்சம் எல்லாம் நேரம். தண்ணீர் பட்ட சிமெண்ட் இறுக ஆரம்பிக்க, இந்தியத் தர நிர்ணயப்படி, குறைந்தது முப்பது நிமிடம் ஆகவேண்டும். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். வெயில், காற்று, கீழ்த்தளத்தின் ஈரம் எல்லாம் மீதியைத் தீர்மானிக்கும். சீக்கிரம் இழைத்தால் தண்ணீர் மேலே வந்து பொடி உதிரும் தரையாகிவிடும். தாமதித்தால் கரண்டி ஓடாது. கலவை 'இழுக்கிற' பக்குவத்தை விரலால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆள் வேண்டும். ஒரு அறையைத் தொடங்கினால் முடிக்காமல் எழ முடியாது. பாதியில் நிறுத்தினால் ஒட்டு தெரியும், வேறு நாள் கலந்த சிவப்பு முந்தின நாள் சிவப்போடு சேராது. எங்கள் வேலையில் தப்பு வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். இங்கே திரும்ப வழியில்லை, உடைத்துப் போட்டு மறுபடி போட வேண்டியதுதான். பெரிய அறைகளைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுப் பிரித்ததில் அழகு மட்டும் இல்லை. சிமெண்ட் காயும்போது சுருங்கும். வெடிப்பு கோட்டோடு போகட்டும், நடுவில் ஓட வேண்டாம் என்ற ஏற்பாடு அது.

பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். ஏழு நாள், பத்து நாள். அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது, வேறு வேலையும் நடக்காது. அப்புறம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துணியால் தேய்ப்பது. உண்மையான மெருகு வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்து, நடந்து நடந்து வருவது. பழைய வீட்டில் நாம் பார்த்து மயங்கும் பளபளப்பில் கொத்தனார் பங்கு கொஞ்சம், அந்த வீட்டில் தினமும் தரை துடைத்தவர் பங்கு நிறைய. அதை எந்தக் கொத்தனாராலும் முதல் நாளே போட்டுத் தர முடியாது.

காருகுறிச்சியாரும் கொத்தனாரும்

அறுபது, எழுபதுகளில் மொசைக் பரவியது. பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து போட்டு, இறுகியபின் சாணைக்கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். முதலில் கையால், பின்னால் இயந்திரத்தால். தொண்ணூறுகளுக்குப் பிறகு டைல்ஸ் வந்தது. குஜராத்தின் மோர்பியில் ஆலை ஆலையாகச் சுட்டு லாரியில் அனுப்பினார்கள். டைல்ஸில் மெருகு ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் நடப்பது பதிப்பது மட்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் நடக்கலாம், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். பத்தே வருடத்தில் சிவப்புத் தரை காணாமல் போனதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

காணாமல் போனது எப்படி விலை கூடித் திரும்பி வந்தது என்பதற்கு ஒரு பொருளாதார விளக்கம் இருக்கிறது. 1966இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நிகழ்த்துகலைகளின் செலவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். ஆலையில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் உற்பத்தி செய்வது வருடா வருடம் கூடுகிறது, அதோடு கூலியும் கூடுகிறது. ஆனால் நாலு பேர் வயலின் வாசிக்கும் ஒரு கச்சேரிக்கு நூறு வருடத்துக்கு முன்னால் எத்தனை பேர், எத்தனை நிமிடம் தேவைப்பட்டதோ அதுவேதான் இன்றும் தேவை. இசைக்கலைஞரும் மற்றவர்களைப் போலத்தான் அரிசி வாங்க வேண்டும், அதனால் அவர் கூலியும் கூட வேண்டும். ஆக, கச்சேரியின் விலை மற்ற பொருள்களைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும்.

நம் ஊர் உதாரணம் சொன்னால், காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தில் ஒரு ராகத்தை அரை மணி நேரம் ஆலாபனை செய்தால் அது அரை மணி நேரம்தான். இன்றைக்கு ஒரு கலைஞர் அதைப் பத்து நிமிடத்தில் முடித்தால் நாம் அதைத் திறமை என்று சொல்ல மாட்டோம். சிவப்புத் தரைக் கொத்தனாரும் இதே வரிசையில் நிற்கிறார். சிமெண்ட் ஆலை பெரிதாகி மூட்டை எளிதாகக் கிடைக்கிறது. டைல்ஸ் ஆலையில் ஆள் தொடாமலே சதுர அடிகள் ஓடி வருகின்றன. ஆனால் நூறு சதுர அடி இழைக்க ஆகும் நேரம் 1955இல் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. பெர்மிட் காலத்தில் சரக்கு அருமை, கொத்தனாரின் நாள் மலிவு. இன்று கொத்தனார் ஒரு நாள் கூலியில் ஒன்றுக்கு மேல் மூட்டை வாங்கலாம். தராசு சாய்ந்த பக்கம் மாறிவிட்டது.

கொத்தனாருக்குக் கூடுதல் கிடைப்பது நல்ல விஷயம். 'கொத்தனார் கூலி ஏறிப்போச்சு' என்று புலம்பும்போது, முன்னால் அது ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். வேறு வேலைக்குப் போக வழியில்லாத ஒரு கூட்டம் கிடைத்ததைக் கொடு என்று நின்றதால்தான் அந்தக் காலத்துத் தரை மலிவு. அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதால்தான் இன்று ஆள் இல்லை. கை வேலை அழிந்துவிட்டதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு, ஆனால் அந்தப் பிள்ளைகள் மறுபடி கரண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்கிற தைரியம் இல்லை.

மெருகேற்றிய கான்கிரீட்

இப்போது ஃபேஷனில் இருப்பது அடுத்த கட்டம், மெருகேற்றிய கான்கிரீட். தனியாகப் பூச்சு எதுவும் இல்லாமல் கான்கிரீட் தளத்தையே வைரத்துகள் பதித்த தட்டுகளால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குவது. தொழிற்கூடங்கள், கிடங்குகள், காபிக் கடைகள், ஐ.டி. அலுவலகங்கள் என்று பரவி இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நம்மில் பலர் அப்படி ஒரு தரைக்கு மேலே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம்.

இதற்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை சொல்ல முடியாது. முதலில் தளத்தின் தரம். மட்டமாக, கெட்டியாக, வெடிப்பில்லாமல் போட்ட புதுத் தளம் என்றால், 28 நாள் காயவிட்டு நேரே தேய்க்கலாம். பழைய டைல்ஸைப் பெயர்த்து எடுத்த தளம் என்றால் பசையைச் சுரண்டவும் குழி அடைக்கவுமே பாதிச் செலவு போய்விடும். அடுத்து ஆழம். மேல் தோலை மட்டும் தேய்த்தால் மலிவு. உள்ளே இருக்கும் ஜல்லி முகம் தெரியும் வரை இறங்கினால் தேய்ப்புச் சுற்றுகள் கூடும், வைரத் தட்டு சீக்கிரம் தேயும். மூன்றாவது பளபளப்பு. சொரசொரப்பான தட்டில் தொடங்கிப் படிப்படியாக நைசான தட்டுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு படியும் முழு அறையையும் ஒரு முறை நடந்து முடிப்பது. இடையில் சிலிக்கேட் கரைசல் ஊற்றுவார்கள். அது கான்கிரீட்டுக்குள் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து தரையை இறுக்கும். நான்காவது பரப்பு. இருநூறு சதுர அடிக்கும் இரண்டாயிரம் சதுர அடிக்கும் இயந்திரத்தை ஏற்றி இறக்குகிற செலவு ஒன்றேதான், அதனால் சின்ன அறைக்குச் சதுர அடி விலை எகிறும். பெரிய இயந்திரம் போகாத மூலைகளையும் ஓரங்களையும் ஒருவர் மண்டியிட்டுக் கை இயந்திரத்தால் தேய்க்க வேண்டும். பெரிய கிடங்கு மலிவாகவும், நாலு மூலை நாலு வாசல் உள்ள படுக்கையறை விலை கூடியும் வருவதற்கு இதுதான் காரணம்.

கவனித்தால், இந்த நாலில் எதுவும் சிமெண்ட் விலையைப் பற்றியது இல்லை. எல்லாம் யாரோ ஒருவர் தரையோடு செலவழிக்கும் நேரத்தைப் பற்றியது.

பில்லில் வராதவை

இனி ஆற்றுக்கு வருவோம். நூறு சதுர அடிக்கு ஆறு ஏழு கன அடி மணல் என்று சொன்னேன். அது பூச்சுக்கு மட்டும். கீழ்த்தளம், சுவர், கூரை எல்லாம் சேர்த்தால் ஒரு வீட்டுக்குள் பல லாரி ஆற்று மணல் போய்விடும். நாம் கொடுத்த மணல் விலையில் லாரி வாடகை, ஏற்று கூலி, உரிமக் கட்டணம், இடைத்தரகு எல்லாம் இருந்தன. ஆற்றுக்கு எதுவும் இல்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, முழுதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு. ஓட்டம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் வழியில் உள்ள அணைக்கட்டுகளும் மேலிருந்து வரும் புது மணலில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகின்றன. கீழே அள்ளியது அள்ளியதுதான், திரும்ப நிரம்பாது. ஆற்று மணல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் பல ஊர்களுக்குக் குடிநீர் போகிறது. மணல் போனால் தண்ணீர் மட்டம் இறங்கும்.

மணல் அள்ளுவதை 2003இல் தமிழ்நாடு அரசு தன் கையில் எடுத்தது. தனியார் போனார்களே தவிர அள்ளுவது நிற்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தாமிரபரணி மணலுக்காக வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எண்பதைத் தாண்டிய வயதில் தானே நின்று வாதாடினார். 2010இல் தாமிரபரணியில் ஐந்து வருடத்துக்கு மணல் அள்ளத் தடை வந்தது. அறுபது வருடமாக யாரும் பில்லில் சேர்க்காத ஒரு செலவை முதல் தடவையாக நீதிமன்றம் சேர்த்தது என்றுதான் நான் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்கிறேன்.

ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் வந்தது. கருங்கல்லை உடைத்துப் பொடியாக்கிய மணல். ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது, செலவு பாறைக்கும் பாறை உடைக்கிறவர்களுக்கும் மாறியது. 2022 மே மாதம், பாளையங்கோட்டைக்குத் தெற்கே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் இரவில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் முந்நூறு அடிப் பள்ளத்தில் சிக்கினார்கள். நாலு பேர் இறந்தார்கள். எம்-சாண்ட் லோடு விலையில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

தரையைத் தேய்க்கும் இடத்திலும் இதே கதைதான். கான்கிரீட்டையும் கல்லையும் உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ், திரும்ப வழியில்லாத நோய். தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், தூசி உறிஞ்சி பொருத்தலாம், தரமான முகக்கவசம் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் செலவு. கொட்டேஷனில் விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டுப்படுவது இவைதான். ஏனென்றால் இவை இல்லாவிட்டாலும் தரை அதே மாதிரிதான் பளபளக்கும். சிமெண்ட் பாலில் நாள் முழுக்கக் கை வைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். நகத்தோரம் வெடித்து, விரல் நுனி ரேகை தேய்ந்திருக்கும். அவர்களில் சிலருக்கு ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாது.

இந்தச் செலவைப் பில்லுக்குள் கொண்டுவரச் சில முயற்சிகளும் நடந்தன. தமிழ்நாட்டில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது, பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. 1996இன் மத்தியச் சட்டம், கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்காக வசூலிக்க வழி செய்தது. வீட்டு வரைபட அனுமதிக்குப் பணம் கட்டும்போது 'இது என்ன தண்டம்' என்று நாம் முணுமுணுக்கிற தொகைகளில் ஒன்று இது. ஒரு தரையின் விலையில், தேய்த்தவரின் மூச்சுக்கென்று எழுதப்பட்ட ஒரே வரியும் இதுதான்.

மெழுகியவள் கொடுத்தாள், பவளத்தீவு கொடுத்தது, ஆறு கொடுத்தது, இப்போது பாறை உடைப்பவரும் தேய்ப்பவரும் கொடுக்கிறார்கள். எந்தக் காலத்திலும் தரை இலவசமாகவோ மலிவாகவோ இருந்ததில்லை, கொடுத்தவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். இதைச் சொல்வதால் யாரும் வெறும் மண்ணில் படுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சிமெண்ட் தரை ஒரு விடுதலையும்கூட. வெள்ளிக்கிழமை தோறும் மெழுகிய பெண்களிடம் கேட்டால் அவர்கள் அதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கேட்கிற கேள்வியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சதுர அடிக்கு எவ்வளவு என்பதோடு, தண்ணீர் விட்டுத் தேய்ப்பீங்களா வெறுமனேயா, மணல் எங்கிருந்து வருது, ஓரம் தேய்க்கிறவருக்கு மாஸ்க் இருக்கா, அவர் வாரியத்தில் பதிஞ்சிருக்காரா என்றும் கேளுங்கள். தொகை கொஞ்சம் கூடும். கூடுகிற அந்தத் தொகை, இத்தனை நாளாக வேறு யாரோ நமக்காகக் கட்டிக்கொண்டிருந்தது.